எண்ணிக்கை அறிவிக்கப்படவில்லை

ஒரு ஸ்திரீ கான்வென்டில் படித்தவள் என்று தெரிந்துவிட்டால், நம் ஜனங்கள் உடனே அவளைப் பற்றிச் சில முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். அவள் இங்கிலீஷில் சிரிப்பாள், பியானோ வாசிப்பாள், முள்ளும் கரண்டியும் இல்லாமல் தோசை தின்னமாட்டாள், தேசாபிமானம் என்பது அவளிடம் மருந்துக்கும் இராது. நான் ஆறு வருஷம் கான்வென்டில் படித்தவள். எங்கள் பள்ளியில் பியானோ கிடையாது. ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. அதிலும் இரண்டு கட்டைகள் ஊமை. பாடங்கள் தமிழில் நடந்தன. இங்கிலீஷ் என்பது தினம் ஒரு மணி நேரம் வந்து போகும் விருந்தாளி. அப்படியானால் அங்கே என்னதான் கற்றாய் என்று கேட்டால், கூட்டத்தில் உட்காரக் கற்றேன் என்று பதில் சொல்வேன்.

இது அற்ப விஷயம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. இன்று நான் குடியிருக்கும் அடுக்கு வீட்டில் ஒரு சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு முறை கூடுகிறது. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், காப்பி வருகிறது, எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து போகிறார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பற்றி என்ன முடிவாயிற்று என்பது தொட்டிக்கும் தெரியாது. "சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசியுங்கள்" என்று நான் சொன்னால், "அம்மா வக்கீல் வேலை பார்த்தவர்களோ?" என்கிறார்கள். நான் வக்கீல் அல்ல. பதினான்காவது வயதில் ஓர் இலக்கிய மன்றத்துக்கு உதவிக் காரியதரிசியாக இருந்தவள், அவ்வளவுதான்.

பள்ளி இருந்தது தென்பாண்டிக் கடற்கரைப் பட்டணம் ஒன்றில். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் வருஷத்தில் அந்தக் கரைக்கு வருவதற்குச் சில வருஷங்கள் முன்பே ஞானஸ்நானம் பெற்றுவிட்ட முத்துக்குளித் துறைக் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்து எங்கள் போர்டிங்கில் தங்கிப் படித்தார்கள். மற்றப் பாதிப் பேர் பட்டணத்துப் பெண்கள். உப்பு வியாபாரி, துறைமுகக் குமாஸ்தா, டாக்டர் வீட்டுப் பிள்ளைகள். காலையில் முதல் மணிக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போவார்கள். எங்களைப் போன்ற மற்றவர்கள் நீதிபோதனை வகுப்புக்குப் போவோம். இரண்டிலும் சொன்னது ஏறக்குறைய ஒன்றேதான்: பொய் சொல்லாதே, பிறத்தியார் டிபன் டப்பாவைத் திறக்காதே. ஆனால் அவர்களுக்குப் பரீட்சை உண்டு, எங்களுக்குக் கிடையாது. ஆகையால் எங்கள் மதமே சௌகரியமான மதம் என்று நான் வெகு காலம் நம்பியிருந்தேன்.

அதிகாரம் என்பதன் முதல் ருசி அங்கே சாக்குக் கட்டியில் இருந்தது. உபாத்தியாயினி வகுப்பை விட்டு வெளியே போகும்போது வகுப்புத் தலைவியின் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போவார். அவள் கரும்பலகையில் "பேசியவர்கள்" என்று தலைப்பிட்டு, நம் பெயர்களை எழுதத் தொடங்குவாள். மறுபடியும் பேசினால் பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி விழும். தன் சிநேகிதிகள் பேசும்போது அந்தத் தலைவிக்குக் காது கேளாமல் போவதையும், பிடிக்காதவள் மூச்சு விட்டாலும் குறி விழுவதையும் பார்த்தபோது, ராஜ்ய பாரம் எப்படி நடக்கிறது என்பதை நாங்கள் சரித்திரப் பாடம் இல்லாமலே தெரிந்துகொண்டோம்.

பள்ளி முழுவதற்கும் ஒரு தலைவி உண்டு. எஸ்.பி.எல். என்று அழைப்போம். பதினோராம் வகுப்புத்தான் அப்போது பள்ளியின் கடைசி வகுப்பு. அதிலிருந்து அவள் வருவாள். ஆடி மாதக் காற்றில் கொடி படபடக்க, கையை நீட்டிப் பிரமாணம் செய்வாள். பிரதம உபாத்தியாயினியான மதர் அவள் தோளில் நீலப் பட்டையைக் குறுக்கே போட்டுப் பித்தளை வில்லையைக் குத்துவார். அதற்குப் பிறகு வருஷம் முழுவதும் அவள் செய்யும் வேலை, காலை வரிசையில் உறுதிமொழி சொல்வதும், விருந்தாளிகளுக்குப் பூச்செண்டு கொடுப்பதும், "அன்பு சகோதரிகளே, அமைதி" என்று அடிக்கடி கூறுவதும்தான். அந்தப் பட்டையை அணிந்தவர்கள் எதையாவது தீர்மானித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆயினும் அதை அணிய விரும்பாத பெண் பள்ளியில் ஒருத்தியும் கிடையாது.

காரியம் நடந்த இடம் வேறு. அது சங்கங்களில் நடந்தது. சாரணியர் படை இருந்தது. செஞ்சிலுவைச் சங்கம் இருந்தது. தோட்டச் சங்கம் என்று ஒன்று இருந்து, ஒரு வருஷம் வெண்டைக்காய் விற்று லாபமும் காட்டியது. சாரணியரின் பூர்வ கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1909-ஆம் வருஷம் லண்டனில் பேடன் பவல் துரை பையன்களின் அணிவகுப்பைப் பார்வையிட்ட போது, யாரும் அழையாமலே சில பெண்கள் தொப்பியும் தடியுமாக வந்து நின்றார்களாம். அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல்தான் மறு வருஷம் பெண்களுக்கென்று தனி இயக்கம் தோன்றிற்று. 1911-இல் ஜபல்பூரில் நம் நாட்டின் முதற் படை அமைந்தது. எங்கள் படையில் அப்படி அழையாமல் வந்து நிற்கும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. கயிற்றில் முடிச்சுப் போடுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

கத்தோலிக்கப் பெண்களுக்கு மட்டும் உரிய சபைகளும் இருந்தன. அவற்றில் மரியாயின் சேனையை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். வாரந்தோறும் ஒரே கிழமை, ஒரே மணி. மேஜை மேல் வெள்ளைத் துணி, மாதா சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, இரண்டு பூச்சாடி. ஜெபமாலை முடிந்ததும் சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்படும். பிறகு ஒவ்வொருத்தியும் எழுந்து, அந்த வாரம் தான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்: எந்த நோயாளியைப் பார்த்தாள், எந்தக் கிழவிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள் என்று. ஒரு சின்னப் பை கைக்குக் கை போகும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பொருளாளர் கணக்குச் சொல்லுவாள். பதின்மூன்று வயதுப் பெண், ஐந்து ரூபாய்ச் சில்லறைக்கு ஒரு பாங்கி மானேஜரின் கம்பீரத்துடன் கணக்கு வாசிப்பதைப் பார்க்க வேண்டுமே!

இந்தச் சேனை 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 7-ஆம் தேதி அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் ஒரு வீட்டு அறையில் தொடங்கியது. பிராங்க் டஃப் என்ற சர்க்கார் உத்தியோகஸ்தர் அதைத் தொடங்கினார். அன்று கூடியவர்களில் அவரையும் ஒரு பாதிரியாரையும் தவிர மற்றவர்கள் எல்லாரும் பெண்கள். சேனை என்ற பெயருக்கு ஏற்பப் பழைய ரோமாபுரிப் படையின் வார்த்தைகளையே அதில் வழங்குகிறார்கள். ஆனால் அதன் ஆயுதம் வாளும் அல்ல, வேலும் அல்ல. ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். குமாஸ்தா ஒருவர் தொடங்கிய சேனை வேறு எப்படி இருக்கும்?

இந்த முறைகளை எல்லாம் மத வேற்றுமை இல்லாமல் எங்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் இலக்கிய மன்றத்தைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர். வெள்ளிக்கிழமை கடைசி மணி மன்றத்துக்குரியது. இறைவணக்கம், வரவேற்புரை, அறிக்கை, ஔவையாரைப் பற்றி ஒரு சொற்பொழிவு, நன்றியுரை, நாட்டுப் பண். சொற்பொழிவு எவ்வளவு மோசமானாலும் சிஸ்டர் கோபிக்கமாட்டார். அறிக்கையில் ஒரு வரி தவறினால் விடமாட்டார். மன்றத்தின் விதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நடந்ததை எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது. ஒருவர் கேள்வி கேட்டால் கேள்வியையும் பதிலையும் எழுத வேண்டும். எழுதியதைத் திருத்த மன்றத்துக்கு மட்டுமே உரிமை; காரியதரிசிக்குக்கூடக் கிடையாது. ஜூன் மாதந்தோறும் அந்த நோட்டை மதரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். மதரும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

1976-ஆம் வருஷம் வந்தது. நான் அப்போது பத்தாம் வகுப்பு. தேசத்தில் அவசர நிலை அமலில் இருந்தது. அந்த மார்ச்சு மாதத்தோடு முடிந்திருக்க வேண்டிய பார்லிமெண்டின் ஆயுளை நீட்டிவிட்டார்கள்; நம் ராஜ்யத்திலோ ஜனவரிக் கடைசியிலேயே மந்திரிசபையைக் கலைத்தாகிவிட்டது. பத்திரிகைகள் தணிக்கையாகி வந்தன. தேர்தல் என்ற வார்த்தையைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் உச்சரித்த அந்தக் காலத்தில், எங்கள் பள்ளியில் மாத்திரம் வழக்கம்போல் வோட்டுப் போட்டோம். ஆறாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை எல்லாருக்கும் வோட்டு உண்டு. உபாத்தியாயினிகள் மூன்று அபேட்சகர்களைப் பொறுக்கி நிறுத்துவார்கள். ஒரு பிஸ்கோத்து டின்னின் மூடியில் ஓட்டை போட்டு அதில் சீட்டை மடித்துப் போட வேண்டும். டின் மதருடைய அறைக்குப் போகும், கதவு சாத்தப்படும், மாலையில் முடிவு வரும். அதுவரை யாரும் அதைப் பற்றி ஐயம் கொண்டதில்லை.

அந்த வருஷம் நின்றவர்களில் ஒருத்தி டாக்டரின் மகள். நல்ல பெண், இங்கிலீஷில் தடுமாறாமல் பேசுவாள். இன்னொருத்தி போர்டிங் பெண். தகப்பனார் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அந்த அக்காவுக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் போர்டிங்கில் குடிதண்ணீர்ப் பானை உடைந்தால் யாரிடம் சொல்வது, காய்ச்சல் கண்ட குழந்தையை எந்தச் சிஸ்டரிடம் கூட்டிப் போவது, பணம் வராத பெண்ணுக்குப் பரீட்சைக் கட்டணத்துக்கு என்ன வழி என்பதெல்லாம் அவளைக் கேட்டுத்தான் நடக்கும். பட்டணத்துப் பிள்ளைகளும் அவளிடம்தான் போவோம். அவள் ஜெயிப்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாலையில் டாக்டரின் மகள் ஜெயித்ததாகச் சொன்னார்கள்.

எஸ்.பி.எல். ஆனவளே இலக்கிய மன்றத்துக்கும் அக்கிராசனர். ஆகையால் வெள்ளிக்கிழமையன்று சிஸ்டர் முடிவை மன்றத்தில் அறிவித்தார். கை தட்டினோம். கை தட்டல் ஓய்ந்ததும், எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு சிறு பெண் எழுந்து, "எத்தனை வோட்டு, சிஸ்டர்?" என்று கேட்டாள். சிஸ்டர் ஒரு கணம் தயங்கி, "எனக்குச் சொல்லப்படவில்லை" என்றார். பிறகு ஔவையார் ஆரம்பித்துவிட்டார்.

காரியதரிசி என் வகுப்புத் தோழி. நடந்ததை நடந்தபடி எழுதினாள்: முடிவு அறிவிக்கப்பட்டது, ஒவ்வொருவரும் பெற்ற வாக்குகளின் தொகை குறித்து ஓர் உறுப்பினர் கேட்டார், எண்ணிக்கை அறிவிக்கப்படவில்லை.

சங்கங்களின் புத்தகங்களை எல்லாம் மதர் மாதம் ஒரு முறை பார்வையிடுவது வழக்கம். அந்த முறை செவ்வாய்க்கிழமையே ஆள் வந்தது. அவள் அறிக்கைப் புத்தகத்தையும், நான் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். மதர் கணக்குப் புத்தகத்தைத் தொடவே இல்லை.

"இந்தக் கடைசி வரி எதற்கு, பிள்ளை? அடித்துவிடு" என்றார்.

"எனக்கு அதிகாரம் இல்லை, மதர்."

"யாருக்கு இருக்கிறது?"

"வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு, மதர்."

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "யார் சொல்லிக்கொடுத்தது உனக்கு இதை?" என்று மதர் கேட்டார். அந்தக் கேள்விக்குள் சிஸ்டரின் தலை இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"விதிகள் நோட்டில் இருக்கிறது, மதர். நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றாள் என் தோழி. குரலில் நடுக்கம் இல்லை. ஆனால் முழங்கால் வரை தொங்கிய அவளுடைய பின்னல் மட்டும் காற்றில்லாத கொடி நுனிபோல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "போய் வாருங்கள்" என்றார் மதர்.

இங்கே சிறிது நிறுத்தி, பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கன்னியர் மடம் என்றால் கீழ்ப்படிதல் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் உலகத்தில் பெண்களுக்கு எங்கும் வோட்டு இல்லாத நூற்றாண்டுகளில், தங்கள் தலைவியைத் தாங்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பெண்கள் கன்னியாஸ்திரீகள்தாம். அந்த வோட்டு ரகசியமாகவே இருக்க வேண்டும் என்று திரெந்து நகரத்துத் திருச்சங்கம் 1563-ஆம் வருஷத்தில் விதித்தது. 1917-இல் தொகுத்த திருச்சபைச் சட்டமும், 1983-இல் புதுப்பித்த சட்டமும் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. தேர்தல் நடந்தால், ஒவ்வொருவரும் எத்தனை வோட்டுப் பெற்றார் என்பதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்கின்றன. நடந்ததை எல்லாம் குறிப்பில் எழுதி வைக்கவும் சொல்கின்றன. எட்டாம் வகுப்புக் குழந்தை கேட்டது மதருடைய சொந்த வீட்டுச் சட்டம்!

கீழ்ப்படிதலைப் போதிக்கும் இந்தச் சபைகளை ஸ்தாபித்த ஸ்திரீகளோ, அப்படி ஒன்றும் கீழ்ப்படிந்தவர்களாகத் தெரியவில்லை. 1842-இல் சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் கன்னியரின் மூலத் தாய் நானோ நேகிள். கத்தோலிக்கர் பள்ளி நடத்துவது சட்டப்படி குற்றமாயிருந்த காலத்தில் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ரகசியமாகப் பள்ளிகள் நடத்தியவர். கல்கத்தாவின் லொரேட்டோ கன்னியருக்கு ஆதி மாதாவான மேரி வார்டு, பெண்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் ஒரு சபையை அமைத்தார். அதற்காக 1631-இல் போப்பாண்டவர் அந்தச் சபையைக் கலைத்தார். அவரை மியூனிக்கில் ஒரு மடத்து அறையில் அடைத்தும் வைத்தார்கள். அங்கிருந்து அவர் எலுமிச்சஞ் சாற்றால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் கடிதங்கள் எழுதி வெளியே அனுப்பினார். இந்தச் சரித்திரம் எல்லாம் நீதிபோதனை வகுப்பில் ஏனோ வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. இறைவணக்கம் முடியும் சமயத்தில் மதர் மண்டபத்துக்குள் நுழைந்தார். மேடைக்குப் போகவில்லை. பிள்ளைகளின் பெஞ்சியில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். அறிக்கை வாசிக்கப்பட்டது; கடைசி வரியும் வாசிக்கப்பட்டது. "இந்த அறிக்கையை மன்றம் ஏற்கிறதா?" என்று அக்கிராசனர் கேட்க வேண்டும். டாக்டரின் மகளுக்கு வார்த்தை வரவில்லை. அப்போது மதர் எழுந்து, அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணைப் பார்த்து, "தலைவி அவர்கள் அனுமதித்தால் ஒரு வார்த்தை" என்றார்.

பிறகு ஒரு காகிதத்தைப் பிரித்து மூன்று எண்களை வாசித்தார். 187, 142, 33. முதல் எண் போர்டிங் அக்காவுடையது.

எஸ்.பி.எல். மாலையில் பள்ளி விட்ட பின் வெளி நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. போர்டிங் விதிப்படி ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது. ஆகையால் தாம் இப்படித் தீர்மானித்ததாக மதர் சொன்னார். அது காரணமா, காரணத்தின் மேல் போர்த்திய துணியா என்று அன்றைக்கும் எங்களுக்கு நிச்சயமில்லை. இங்கிலீஷ் பேசத் தெரிந்த பெண்தான் விருந்தாளிகள் முன் நிற்கலாம் என்ற எண்ணம் எத்தனையோ பள்ளிகளில் பேசப்படாத விதியாக இருந்தது. ஆயினும், தாம் செய்ததைச் சிறுமிகள் நிறைந்த ஒரு சபையின் முன் எழுந்து நின்று சொன்ன பெரிய மனிதர்கள் எத்தனை பேரை அந்த வருஷம் இந்தத் தேசம் கண்டது?

தலைவி மாறவில்லை. நீலப் பட்டை டாக்டரின் மகள் தோளிலேயே இருந்தது. அவள் இடைவேளையில் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். அவளும் இந்த வழக்கில் ஒரு குற்றமும் செய்யாதவள். போர்டிங் அக்கா அழவில்லை. மதர் உட்கார்ந்ததும் அவள் எழுந்து, தனக்கு வராது என்று நாங்கள் நினைத்திருந்த மேடைப் பேச்சை இரண்டே வாக்கியங்களில் பேசினாள். எண்ணிக்கை இன்று அறிவிக்கப்பட்டது என்று குறிப்பில் சேர்க்க வேண்டும்; அடுத்த வருஷம் முதல் வோட்டுகளை இந்த மண்டபத்தில், எல்லார் முன்னிலையிலும் எண்ண வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வருகிறேன். எட்டாம் வகுப்புச் சிறுமி பெஞ்சியின் மேல் ஏறி நின்று வழிமொழிந்தாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. மதர் கையை உயர்த்தவில்லை. அவருக்கு அங்கே வோட்டுக் கிடையாது.

மாதக் கடைசியில் புத்தகம் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் "பார்வையிட்டேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். சம்மதம் என்றும் இல்லை, மறுப்பு என்றும் இல்லை. சிஸ்டர் அந்த ஒரு வார்த்தையைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைய ஔவையாரை மிகுந்த உற்சாகத்தோடு கேட்டார்.

அந்த அக்கா கடைசிவரை எந்த வில்லையும் குத்திக்கொள்ளாமலே பள்ளியை விட்டுப் போனாள். பின்னாளில் தன் கிராமத்தில் மீன் விற்கும் பெண்கள் சங்கம் வைத்தபோது, பல வருஷம் அதன் கணக்கையும் குறிப்பையும் எழுதியவள் அவள்தான். கடன் வசூல் செய்ய வந்த உத்தியோகஸ்தர் ஒருவர், "இதெல்லாம் யாரிடம் கற்றீர்கள்?" என்று அந்தப் புத்தகத்தைப் புரட்டி ஆச்சரியப்பட்டதாக அவளே எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். என்ன பதில் சொன்னாள் என்று எழுதவில்லை.

1977-ஆம் வருஷம் மார்ச்சில் பார்லிமெண்டுத் தேர்தலும், ஜூன் மாதத்தில் சட்டசபைத் தேர்தலும் நடந்தன. எங்கள் மண்டபத்தில்தான் பட்டணத்தார் வந்து வோட்டுப் போட்டார்கள். அந்த மை வாசனை போவதற்கு முன்னாலேயே எங்கள் தேர்தலும் வந்துவிட்டது. அபேட்சகர்களை உபாத்தியாயினிகளே நிறுத்தினார்கள். அதில் மாறுதல் இல்லை. ஆனால் பிஸ்கோத்து டின் மதருடைய அறைக்குப் போகவில்லை. மண்டபத்தின் நடுவே மேஜை போட்டு வைத்தார்கள். என் தோழி கரும்பலகையில் நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே வந்தாள். சீட்டுகளைப் பிரித்தவர் மதர். ஒவ்வொன்றையும் எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டிவிட்டுக் கீழே வைத்தார். பாதியில் ஒரு சீட்டை நெடு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்புக் கையெழுத்து. எந்தப் பெயருக்கு எதிரிலும் குறி இல்லை. அடியில், "மூன்று அக்காவும் நல்ல அக்கா" என்று எழுதியிருந்தது. மதர் அதை உரக்க வாசித்தார். மண்டபம் சிரித்து ஓய்ந்த பிறகு, "செல்லாது" என்று சொல்லித் தனியே வைத்தார்.